காந்தம் பிடிக்காதது

ஏப்ரலில் வந்தாள் சல்கினாய்,
கையில் ஊறுகாய் ஜாடி.
மூடியைத் திறக்காமல் கல்லாமேல் வைத்து
வெயில் பக்கம் திருப்பினாள்.

கறுப்புக்குள் பொன் மின்னியது.

நாரின் சந்தையின் கடைசி வரிசையில்
கப்பலில் வந்த இரும்புப் பெட்டிதான் என் கடை.
கடல் பார்க்காத ஊரில்
கடல் கடந்த பெட்டிக்குள் உட்கார்ந்து
எண்ணெய் விற்கிறேன்.
பக்கத்துப் பெட்டியில் டயர்.
அதற்கடுத்ததில் சம்சா, வெங்காய வாசனை.
என் பெட்டியில் எப்போதும் கந்தகம்.

அக்டோபரில் அவள் கேட்டது நினைவிருக்கிறது.
"கியர்பெட்டிக்கு ஒன்று,
பின்னச்சு டிஃபரன்ஷியலுக்கு ஒன்று.
வேறு வேறாமே, எர்மெக்?"
அலமாரியில் ஜி.எல். ஐந்து மட்டும்
ஆறு டப்பா தூங்கிக்கொண்டிருந்தது.
நான்கு, பிஷ்கெக்கிலிருந்து வரவேண்டும்,
தோலோன் கணவாயில் பனி விழாவிட்டால்.
குளிரில் கட்டிதட்டாத எழுபத்தைந்து கேட்டாள்.
அதை மட்டும் சரியாகக் கொடுத்தேன்.
மற்றதற்கு,
"ஐந்து நான்கைவிடப் பெரிதில்லையா,
இரண்டுக்கும் இதையே ஊற்றுங்கள்" என்றேன்.

வாய் வழுக்கியது.
வழுக்குகிற சரக்கு விற்கிறவன் வாய்.

பின்னச்சில் அது பொய்யில்லை.
அங்கே பல்லின்மேல் பல் உருண்டு போவதில்லை,
நெரித்துக்கொண்டு சறுக்கும்.
அந்த நெரிசலில் லேசான எண்ணெய் கிழிந்துவிடும்;
கந்தகம்தான் சூட்டில் எழுந்து
எஃகின்மேல் தோலாகப் படியும்.
தோல் தேயும்.
பல் பிழைக்கும்.

கியர்பெட்டியில் இருப்பது பித்தளை வளையம்.
வேகமாய்ச் சுற்றுகிறதையும் மெதுவாய்ச் சுற்றுகிறதையும்
ஒரு நொடி உரசவைத்து,
வேகம் ஒன்றானதும்
கைகோக்க விடும்.
உரசல்தான் அதன் பிழைப்பு.
கந்தகம் அதற்கும் தோல் போர்த்தும்;
போர்த்திய தோல் உரியும்போதெல்லாம்
பித்தளையையும்
கூட்டிக்கொண்டு போகும்.

இதெல்லாம் எனக்கு அக்டோபரிலும் தெரியும்.

அவள் கால்நடை மருத்துவர்.
ஜப்பானில் ஓடித் தேய்ந்த பஜேரோ,
ஸ்டியரிங் வலப்பக்கம், பின்சீட்டு முழுக்க மருந்துப்பெட்டி.
ஜனவரியிலேயே இரண்டாவது கியர் முரண்டுபிடித்ததாம்.
பிப்ரவரியில் ஒரு ராத்திரி
அத்பாஷி மேட்டில், பெட்டைக் குதிரை ஒன்று
ஈன முடியாமல் கிடக்கிறது என்று அழைப்பு.
இரண்டாவது விழவேயில்லை.
முதல் கியரிலேயே பதினேழு கிலோமீட்டர்.

"குட்டி பிழைத்தது" என்றாள்.
தாயைப் பற்றி நான் கேட்கவில்லை.

"வடிகால் போல்ட்டின் முனையில் காந்தம் இருக்கிறது.
இரும்புத்தூள் மயிர்மயிராய் ஒட்டியிருந்தது.
இதை அது பிடிக்கவில்லை"
என்று ஜாடியை விரலால் தட்டினாள்.
சுழன்றது. படிந்தது.

நான்கை எடுத்துவைத்தேன்.
டப்பாவைத் திருப்பிப் பின்பக்கப் பொடியெழுத்தை
ஒவ்வொரு சொல்லாக, சத்தமாக வாசித்தாள்.
மருந்துச் சீட்டு வாசிக்கிற குரல்.
காசு வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன்.
அதற்குள் எண்ணிவைத்துவிட்டாள்,
கடைசி ஐந்து சோம் சில்லறை வரை.

"நிரப்புகிற மூடியை முதலில் கழற்றிப் பாருங்கள்,
அது அசையாவிட்டால் கீழே வடிக்காதீர்கள்"
என்றேன், ஏதாவது உண்மையைச் சொல்லவேண்டுமே என்று.
"தெரியும்" என்றாள்.

புது எண்ணெய் தேய்ந்த வளையத்தை வளர்க்காது.
அதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

மறுநாள் மத்தியானம் சந்தை வாசல் மேட்டில்
பஜேரோவின் சத்தம்.
டயர்க்காரனிடம் பேசிக்கொண்டிருந்தவன்
பாதிச் சொல்லில் நிறுத்தினேன்.
முதல் கியர், இழுவை,
பிறகு ஒரு சின்ன இடைவெளி.
கர்ர்ர்.

விழுந்தது.
ஏறிப் போனாள்.